மன்று இழந்த ஊர் வாய் இழந்த ஊர்

(சூலக்கரையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஊர் என்பது வீடுகளின் தொகுதி அன்று. ஆயிரம் வீடுகளை வரிசையாகக் கட்டி வைத்தாலும் அஃது ஊராகிவிடாது. வீடு குடும்பத்துக்கு உரியது. கடை வணிகனுக்கு உரியது. அலுவலகம் அரசுக்கு உரியது. இம்மூன்றிலும் அடங்காமல், எல்லார்க்கும் உரியதாய், எவர்க்கும் தனியுடைமை ஆகாததாய், காசு கொடாமலும் கைகட்டாமலும் தலை குனியாமலும் ஒருவன் வந்து நிற்கத்தக்க ஓரிடம் உண்டாயின், அன்றே அவ்வீடுகளின் தொகுதி ஊராகின்றது. அங்கு வாழ்வோர் மக்களாகின்றனர். அவ்விடத்துக்குத் தமிழன் இட்ட பெயர் மன்று.

இன்று தமிழ்நாட்டின் ஊர்கள் நீளுகின்றன, உயருகின்றன, ஒளிருகின்றன. ஆனால் மன்று சுருங்குகின்றது. சாலை அகலமாகின்றது, நடப்பவனுக்கு வழியில்லை. வீட்டுமனைகள் பெருகுகின்றன; சிறுவர்க்கு ஆடுகளம் இல்லை. கூட்டம் கூட வேண்டுமாயின் கூடம் வாடகைக்கு எடுக்க வேண்டியுள்ளது. இஃது அழகு பற்றிய குறை மட்டும் அன்று. மன்று இழந்த ஊர் வாய் இழந்த ஊர் என்பதே இப்பொழிவின் பொருள்.

பழந்தமிழர் கண்ட மன்றங்கள்

பொதுவிடத்துக்குத் தமிழில் உள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள். மன்று, மன்றம், பொதியில், அம்பலம், அங்காடி, களம், திடல், முற்றம், மந்தை, சாவடி, ஊருணி, திண்ணை! ஒரு பொருளுக்கு இத்துணைச் சொற்கள் ஒரு மொழியில் வழங்குமாயின், அப்பொருள் அம்மக்களின் வாழ்வில் எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தது என்பது வெளிப்படை. இன்றோ ஊர் நடுவேயுள்ள திடலைச் சுட்டப் பலர்க்கும் முதற்கண் நாவில் வருவது 'மைதானம்' என்னும் அயற்சொல்லே. சொல் போனபின் பொருளும் போயிற்று. பொருள் போனபின் அதைக் கேட்கும் வாயும் போயிற்று.

சிலப்பதிகாரம் புகார் நகரை இரு பாக்கமாகப் பகுத்துக் காட்டுகின்றது. கடல்சார்ந்த மருவூர்ப்பாக்கம் வணிகரும் தொழிலரும் வாழ்ந்தது. பட்டினப்பாக்கம் அரசரும் பெருங்குடியினரும் வாழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தை எவரும் வேலியிட்டுக் கொள்ளவில்லை. அவ்விடைநிலமே நாளங்காடி ஆயிற்று. நெருங்கி நின்ற மரங்களின் அடிகளையே கடைக்கால்களாகக் கொண்டு அங்கு வாணிகம் நடந்தது. உழைப்பவன் பாக்கமும் உடையவன் பாக்கமும் ஒன்றையொன்று முகங்கொண்டு கண்ட இடம் அஃது. நகரமைப்பு நூல்கள் இன்று பல பக்கங்களில் விளக்கும் உண்மையை இளங்கோவடிகள் ஓரிடத்தில் காட்டிச் செல்கின்றார்.

அந்நகரின் ஐவகை மன்றங்களையும் அந்நூல் கூறுகின்றது. வெள்ளிடை மன்றத்தில் பண்டப் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். கள்வன் தொட்டால் பொதி அவன் தலையில் ஏறி, ஊரார் முன் அவனைச் சுமந்து திரியச் செய்யும். இலஞ்சி மன்றத்தில் உடற்குறை உடையோரும் தொழுநோயரும் நீராடி வலம் வந்து நலம் பெறுவர். நெடுங்கல் நின்ற மன்றத்தில் நஞ்சுண்டோரும் மயக்குற்றோரும் துயர் நீங்குவர். பூத சதுக்கத்தில் பொய்க்கரி கூறுவோரும் போலித் துறவியரும் ஒறுக்கப்படுவர். பாவை மன்றத்தில் அரசன் முறை தவறினால் கற்பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்கும்.

இவற்றைக் கட்டுக்கதை என்று தள்ளுவோர் தள்ளுக. கதையினுள் இருக்கும் கருத்தைத் தள்ள முடியாது. பொதுவிடம் நேர்மை காக்கும் இடம். நோயாளனுக்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் நுழைவுரிமை உள்ள இடம். நீர்நிலை உள்ள இடம். அரசனையே வினவும் இடம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியோ நாளங்காடியோடு அல்லங்காடியையும் காட்டுகின்றது. இரவிலும் மக்கள் அச்சமின்றி உலவிய நகரம் மதுரை. மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் பூங்காக்களைக் கட்டுவோர் இதனை நினைத்துப் பார்ப்பாராக.

விருதுநகர்த் திடலில் ஒரு தனி மாந்தன்

பழம்பெருமை பேசி அமர்ந்துவிடுதல் தமிழர்க்குள்ள நோய். ஆகலின் அண்மை வரலாற்றுக்கு வருதல் வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சூலக்கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ளது விருதுநகர்.

அந்நகரின் தேசபந்து திடலில் 1956ஆம் ஆண்டு ஒரு முதியவர் உண்ணாநோன்பு கிடந்தார். அவர் ஈகி சங்கரலிங்கனார். 1895இல் விருதுநகரை அடுத்த மண்மலைமேட்டில் பிறந்தவர். 1956 சூலை 27இல் அவர் நோன்பைத் தொடங்கினார். அவர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றுள் தலையாயது சென்னை மாநிலம் என்னும் பெயரை நீக்கித் தமிழ்நாடு எனப் பெயரிடுதல். அவரிடம் படை இல்லை, பணம் இல்லை, பதவி இல்லை. இருந்தது நலிந்த உடலும் நலியாத உள்ளமும். உடல் மிக நலிந்தபின் மதுரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 13இல் உயிர் நீத்தார்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. பூட்டிய அறைக்குள் ஒருவன் உண்ணாது கிடந்தால் அவன் நோயாளி. ஊர்த்திடலில் கிடந்தால் அவன் கேள்வி. அந்நோன்பை ஊர் கண்டது. அங்காடிக்கு வந்தவன் கண்டான். பள்ளிக்குச் சென்ற சிறுவன் கண்டான். அறிஞர் அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் நேரில் வந்து கண்டனர். கண்டவர் வாயிலாகச் செய்தி நாடெங்கும் சென்றது. 1967 சூலை 18இல் தமிழ்நாடு என்னும் பெயரைச் சட்டமன்றம் ஏற்றது; 1969 சனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் பெயரே ஊர்த்திடல் ஒன்றிலிருந்து ஒலித்த குரலால் வலுப்பெற்றது. அத்திடல் அன்று இல்லாதிருந்தால், அல்லது நுழைவுக் கட்டணமும் பூட்டும் உள்ள வளாகமாக இருந்திருந்தால், அவ்வீகியின் பசி எவர் கண்ணிற் பட்டிருக்கும்?

ஈழத்திலும் இவ்வுண்மை குருதியால் எழுதப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்தார் தம் கோட்டைக்கு அருகிலுள்ள பெருந்திடலை முற்றவெளி என்று தூய தமிழில் அழைக்கின்றனர். 1974 சனவரி 10இல், உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவையொட்டி வீரசிங்கம் மண்டபத்தின் முன்னர் மக்கள் திரண்டிருந்த பொழுது, காவற்படையினர் புகுந்து தாக்கினர். மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் மாய்ந்தன. முற்றவெளியில் அவர்களுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. மக்கள் கூடும் வெளியைக் கண்டு வல்லாட்சி ஏன் அஞ்சுகின்றது? அங்கேதான் தனியன் திரளாகின்றான் என்பதை அஃது அறிந்திருப்பதால்.

2017ஆம் ஆண்டுத் தைத்திங்களில் ஏறு தழுவல் உரிமைக்காகச் சென்னை மெரினாக் கடற்கரையில் இலக்கக்கணக்கில் இளைஞர் கூடினர். தலைவர் எவரும் அழைக்கவில்லை. கூடுதற்கு ஒரு வெளி இருந்தது, கூடினர். மதுரையில் தமுக்கத்திலும் அவ்வாறே திரண்டனர். அத்தமுக்கத் திடலில் 2022இல் மாநாட்டுக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. கூடம் கூடாது என்பதன்று கூற்று. திடலில் நிற்பவனுக்கு வாடகை இல்லை. கூடத்தில் நுழைபவனுக்கு உண்டு. அவ்வேறுபாட்டை நகரமைப்போர் மறந்துவிடல் ஆகாது.

தமிழனே அடைத்த தெரு

மன்று சுருங்கியதற்கு அயலாரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. மன்றை முதலில் அடைத்தவன் தமிழனே. அடைத்த கதவு சாதி.

இவ்வட்டாரத்தின் வரலாறே அதற்குச் சான்று. தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை பற்றி 1895இல் கழுகுமலையில் கலகம் மூண்டது. கோயில் நுழைவு பற்றிய பகையால் 1899இல் சிவகாசி எரிந்தது. கோயிலும் தெருவும் மறுக்கப்பட்ட நாடார் குடியினர் தமக்கெனப் பேட்டைகள் அமைத்து, உறவின்முறை கூட்டி, வணிகத்தில் மகமைப் பணம் ஒதுக்கிக் கிணறும் கோயிலும் பள்ளியும் கண்டனர். காசைத் திரட்டிப் பொதுநலம் வளர்த்த அத்திறம் போற்றத்தக்கது. ஆயின் ஒரு குடிக்கு ஒரு பொதுவிடம் என்று ஆகும்பொழுது, பொது என்னும் சொல்லே பொருள் இழந்து போகின்றது என்பதையும் மறுக்க முடியாது.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் எழுந்தது. தந்தை பெரியார் சிறை புகுந்தார். கோயிலுக்குள் நுழைதற்கன்று, தெருவில் நடத்தற்கு! அதே 1924இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த முன்மொழிவின்படி, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தடையில்லை என அரசு ஆணை பிறந்தது. ஆணை பிறந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்படுதற்கு 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றும் மந்தை ஒரு சாதிக்கு, சாவடி ஒரு சாதிக்கு, ஊருணி ஒரு சாதிக்கு என்று வழங்கும் ஊர்கள் உள்ளன. அவ்வூர்களில் எத்துணை எழிலான பூங்கா அமைத்தாலும் அது பூட்டிய மன்றே. தமிழினம் ஓரினம் என்று மேடையில் முழங்குவோர்க்கு முதற்கடமை தம் தெருவிலுள்ள இச்சுவரைத் தகர்த்தலே.

நல்ல மன்றின் உறுப்புகள்

நல்ல பொதுவிடம் தற்செயலாய் அமைவதில்லை. அதற்கு உறுப்புகள் உண்டு.

முதலாவது நிழல். கரிசல் நிலத்தில் பங்குனி முதல் ஆடி வரை காயும் வெயிலை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்நிலத்தில் மரமே கூரை. வேம்பும் புங்கும் பூவரசும் ஆலும் அரசும் புளியும் இம்மண்ணறிந்த மரங்கள். நகரங்களில் பல பூங்காக்களை அமைப்போர் இவற்றை விடுத்து, வெட்டிச் சீராக்கிய அயற்செடிகளையும் தொட்டால் கால் சுடும் கல்தளத்தையும் இடுகின்றனர். அழகிய படம் எடுக்கலாம், அமர முடியாது. அரசி மங்கம்மாள் பெயரால் வழங்கும் பழஞ்சாலை மரநிழலால் புகழ்பெற்றது. நெடுஞ்சாலைகள் நான்கு வழியாக விரிந்த பொழுது சாலையோரத்துப் பழமரங்கள் வெட்டுண்டன. ஊர்தி விரைகின்றது, நடப்பவன் வேகின்றான்.

இரண்டாவது இருக்கை. வில்லியம் ஒயிட்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் நியூயார்க்கு நகரின் முற்றங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். அந்நகரத்தார் 1961இல் ஒரு நெறி வகுத்திருந்தனர்: தரைமட்டத்தில் மக்களுக்கு முற்றம் விடும் கட்டடக்காரர் கூடுதல் மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்பது அது. மாடிகள் எழுந்தன, முற்றங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. ஏன் என்று ஆராய்ந்த ஒயிட்டு கண்ட விடை மிக எளியது: அமர இடம் உள்ள முற்றத்தில் மக்கள் அமர்கின்றனர், இல்லாத முற்றத்தில் அமர்வதில்லை. 1975இல் அந்நகரம் தன் நெறியைத் திருத்தி, முற்றங்களில் இருக்கைகளைக் கட்டாயமாக்கியது.

இவ்வுண்மையைத் தமிழன் திண்ணையாகக் கட்டி வைத்திருந்தான். வழிப்போக்கன் அமர்தற்கு வீட்டின் ஒரு பகுதியையே தெருவுக்கு ஈந்த இனம் இது. வழியோரத்துச் சுமைதாங்கிக் கல்லையும் எண்ணிப் பாருங்கள். தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும், இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் நட்ட கல் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்டிரின் நினைவாக அதனை நடும் வழக்கமும் இருந்தது. சுமக்க முடியாது மாண்டவளின் பெயரால் சுமப்பவர்க்கு ஓர் இளைப்பாறல்! உழைப்பவனின் உடலை அளந்து செய்த பொதுப்பொருள் இதனினும் சிறந்தது எந்நாட்டில் உண்டு?

மூன்றாவது நீர். ஊருணி குடிநீர் தந்தது. தெப்பக்குளம் நகரைக் குளிர்வித்தது. குளக்கரையே மாலைமன்று ஆயிற்று. 1914 முதல் இந்தியாவில் பணியாற்றிய இசுக்காத்துலாந்து நகரமைப்பாளர் பேட்றிக்கு கெட்டிசு, தென்னாட்டுக் கோயில் நகரங்களின் தேர்த்தெருக்களை வியந்தார். குளங்களைத் தூர்த்து மனையாக்குவதை எதிர்த்தார். அயலான் உணர்ந்ததைத் தமிழ்நாட்டு ஆட்சியாளர் உணரவில்லை. எத்துணைக் கண்மாய்களின் மேல் பேருந்து நிலையங்களும் அலுவலகங்களும் நிற்கின்றன என்பதை மழைக்காலம் ஒவ்வொன்றும் கூறுகின்றது.

நான்காவது, மக்கள் செல்லும் வழியில் இருத்தல். மக்கள் இயல்பாகச் செல்லாத இடத்தில் எவ்வளவு பணம் கொட்டினாலும் அது மன்று ஆகாது. விருதுநகரின் புதிய பேருந்து நிலையம் இதற்கு நல்லதொரு பாடம். 1990களில் கட்டப்பட்டும், 2024இல்தான் அங்குப் பேருந்துகள் முறையாக நின்று செல்லத் தொடங்கின. கட்டடம் எழுப்புதல் எளிது. காலடிகளைத் திருப்புதல் அரிது. ஆகலின் வரைபடம் வரைவோன் முதலில் செய்யத்தக்கது, ஊர்மக்கள் காலையிலும் மாலையிலும் எவ்வழி நடக்கின்றனர், எங்கு நின்று பேசுகின்றனர் என்று காணுதலே. அவர்கள் ஏற்கெனவே நிற்கும் இடத்தைச் செம்மை செய்தாற் போதும்.

ஐந்தாவது, சுற்றிலும் வாழ்வோரின் கண். சேன் சேக்கப்பு என்னும் அம்மையார் 1961இல் வெளியிட்ட நூலில், தெருவைக் காப்பது தெருவிலுள்ளோரின் கண்களே என்று நிறுவினார். உயர்ந்த மதிலுக்குள் அடைத்த பூங்கா இருட்டியவுடன் அச்சம் தருகின்றது. கடையும் வீடும் சூழ்ந்த முற்றமோ இரவிலும் காப்புடையது. பூ விற்கும் பெண்ணும் இளநீர் வெட்டுவோனும் மன்றின் இடையூறு அல்லர். ஊதியம் கேளாத காவலர். அவர்களை விரட்டுதலே தூய்மை என்று கருதுவோர், 2014ஆம் ஆண்டுத் தெருவணிகர் சட்டத்தைப் பார்ப்பது நன்று. நகர விற்பனைக் குழுக்களில் பத்துக்கு நான்கு இடமாவது தெருவணிகரின் சார்பாளர்க்கு உரியது என அச்சட்டம் கூறுகின்றது.

ஆறாவது நடை. தென்மார்க்கின் கோப்பனேகன் நகரில் 1962இல் தலைமை அங்காடித் தெருவை ஊர்திகளுக்கு மூடி, நடப்போர்க்கு மட்டும் திறந்தனர். வணிகம் கெடும் என்று கடைக்காரர் அஞ்சினர், வணிகம் வளர்ந்தது. சென்னைத் தியாகராயநகரின் பாண்டி அங்காடித் தெருவில் 2019இல் நடைபாதை அகலமாக்கப்பட்டது. நடப்பவனே நின்று பார்க்கின்றான். நின்று பார்ப்பவனே வாங்குகின்றான்.

ஏழாவது, எல்லார்க்கும் பொருந்துதல். மந்தையும் சாவடியும் ஆண்களின் இடமாகவே இருந்தன. இன்றும் தேநீர்க்கடை வாங்குபலகை ஆடவனுக்கு. பெண்ணுக்குக் கோயில் ஒன்றே வெளி. தூய்மையான கழிப்பறையும் நல்ல விளக்கும் இல்லாத இடத்தில் பெண் எங்ஙனம் அமர்வாள்? சாய்தளம் இல்லாத இடத்தில் சக்கர நாற்காலியில் வருபவன் எங்ஙனம் நுழைவான்? இலஞ்சி மன்றைப் பாடிய மொழிக்குரியவர் இதனை அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றின் தரைத்தளம் வீடாக்கப்படாமல் வெறுவெளியாக விடப்பட்டுள்ளது. அங்குத் திருமணமும் நடக்கின்றது. இறப்புச் சடங்கும் நடக்கின்றது. தமிழரும் சீனரும் மலாயரும் ஒரே தளத்தில் தத்தம் இன்பதுன்பங்களை நிகழ்த்துகின்றனர்.

வெடிக்கூடத்துக்கு வெளி, உழைப்பாளிக்கு?

இனி இவ்வட்டாரத்தைப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கங்களில் வெடி செய்யும் கூடங்களுக்கென ஒரு சட்டநெறி உண்டு. ஒரு கூடத்துக்கும் மறு கூடத்துக்கும் இடையே குறித்த அளவு வெட்டவெளி விடல் வேண்டும். ஒரு கூடத்துள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருத்தல் ஆகாது. நெருக்கம் உயிரைக் குடிக்கும் என்பதாலேயே இந்நெறி பிறந்தது. அதனை மீறிய போதெல்லாம் இவ்வட்டாரம் கொடுத்த விலையை இங்குள்ள தாய்மார் அறிவர்.

வெடிமருந்துக்கு வெளி வேண்டும் என்று சட்டம் அறிந்திருக்கின்றது. அம்மருந்தைக் கையால் அளையும் மாந்தனுக்கு வெளி வேண்டும் என்பதை எவர் அறிந்திருக்கின்றனர்? நாள் முழுதும் கந்தகமும் அலுமினியப் பொடியும் படிந்த உடலோடு மாலையில் திரும்பும் பெண், வீட்டு வேலைக்கும் உறக்கத்துக்கும் இடையே அரை நாழிகை காற்றாட அமர்தற்கு எங்குச் செல்வாள்? தீப்பெட்டி ஒட்டிய கைகளையுடைய சிறார் தலைமுறையை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பியாயிற்று. பள்ளிவிட்டு வந்தபின் அவர்கள் ஆடுதற்குக் களம் எங்கே? 2021இல் திருத்தங்கலையும் இணைத்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆயிற்று. பெயர் உயர்ந்தது, மன்று உயர வேண்டாவா?

சூலக்கரைக்கும் இக்கேள்வி பொருந்தும். ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் விரையும் நெடுஞ்சாலை, இடையிடையே முளைக்கும் புதுமனைகள். பெயரிலேயே கரையைத் தாங்கிய ஊர் இது. அக்கரையில் இனி மாலை அமர ஓரிடம் எஞ்சுமா என்பது இப்பொழுதே முடிவு செய்யப்பட வேண்டியது. ஊர் நிறைந்தபின் வெளி தேடினால், வீடு இடித்தே வெளி காண வேண்டும்.

கேட்டுப் பெறத்தக்க உரிமை

சட்டம் வழி காட்டாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காத்தற்குத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டின் கட்டட நெறிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக எஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குக் கொடையாவணமாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள பிரிவுகளில் நிலம் விட இயலாவிடில் அதற்கீடாகப் பணம் கட்டலாம் என்று ஒரு வாயிலும் திறந்து விடப்பட்டுள்ளது. பணம் கருவூலத்துக்குப் போகும். நிழல் எங்கிருந்து வரும்? நிலம் கொடுத்த இடங்களிலும், அந்நிலம் தாளில் பூங்காவாகவும் நேரில் குப்பைமேடாகவும் கிடப்பது பல ஊர்களில் காணும் காட்சி.

ஆகலின் ஒவ்வோர் ஊரிலும் தமிழன்பர் செய்யத்தக்க பணிகள் சில உண்டு. ஊர்மன்றக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்கூட்டத்தில் எழுந்து, தம் ஊராட்சிக்கு எழுதித்தரப்பட்ட திறந்தவெளிகள் எவை, அவற்றின் அளவு என்ன, இன்று அவற்றில் யாது உள்ளது என்று கேட்டல் வேண்டும். விடையை எழுத்தில் பெறல் வேண்டும். பெற்றபின் நேரில் சென்று அளந்து காணல் வேண்டும். வேலியிட்டவன் தன் உறவினனாயினும், தன் கட்சியினனாயினும், தன் சாதியினனாயினும் அகற்றச் சொல்லல் வேண்டும். அகற்றிய இடத்தில் நாட்டுமரங்கள் நட்டு, மூன்று கோடை நீர் ஊற்றல் வேண்டும். சிலை வைத்தற்கு முன் இருக்கை வைத்தல் வேண்டும். நடுவே மேடை ஒன்று. ஓரத்தில் குடிநீரும் கழிப்பறையும். வாயிலில் தமிழில் பெயர்ப்பலகை. அப்பலகையில் 'மன்றம்' என்றோ 'முற்றம்' என்றோ எழுதுக. மீண்ட சொல் மீண்ட உரிமையை நாள்தோறும் நினைவூட்டும்.

பெருமக்களே! தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதினால் தமிழ் வாழ்ந்துவிடாது. இருவர் அமர்ந்து பேசும் இடத்திலேயே மொழி வாழும்; நூற்றுவர் கூடி வினவும் இடத்திலேயே இனம் வாழும். அவ்விடம் தமிழர்க்கு முன்னோர் விட்டுச் சென்ற கொடை. அதனை அரசு விற்கின்றதென்றால் தடுத்தல் வேண்டும். செல்வன் கவர்கின்றானென்றால் மீட்டல் வேண்டும். சாதி அடைக்கின்றதென்றால் திறத்தல் வேண்டும். சங்கரலிங்கனார் இந்நாட்டுக்குத் தமிழ்நாடு எனப் பெயர் கேட்டு ஊர்த்திடலில் கிடந்தார். பெயர் கிடைத்துவிட்டது. அப்பெயருக்குரிய மக்கள் கூடி நிற்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு திடலைக் காத்துத் தருதல் எஞ்சிய கடன்.

அக்கடனைச் சூலக்கரை முதலில் தீர்ப்பதாக!